மூத்தோர் கல்வி: எஞ்சிய அரைப்பங்கு

கல்விக்கு வயது எல்லை உண்டா என்று வினவினால், இல்லை என்றே நாம் அனைவரும் விடை கூறுவோம். ஆனால் நம் இல்லங்களின் நடைமுறை வேறு விடை கூறுகிறது. பேரனுக்குத் தனி வகுப்பு, பேத்திக்குக் கணினிப் பயிற்சி, மகனுக்குப் பதவி உயர்வுத் தேர்வு என்று கல்விக்காக நேரமும் பொருளும் ஒதுக்கும் குடும்பம், தாத்தாவும் பாட்டியும் இவ்வாண்டு எதனைக் கற்கப் போகிறார்கள் என்று கேட்பதில்லை. அவர்கள் யாருக்கு எதனைக் கற்பிக்கப் போகிறார்கள் என்ற வினாவோ எழுவதே இல்லை. இவ்விரண்டாம் வினாவே இப்பாடத்தின் பொருளாகும்.

நம் சூழல்

நம்மவருள் பலர் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டங்களின் சிற்றூர்களில் உழவைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்கள். கல்வியும் அலுவலும் கருதிச் சென்னைக்கு வந்து, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய புறநகர்களில் மனை வாங்கிக் குடியேறினர். 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது இப்புறநகர்களின் வளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. அந்த இரயிலில் முப்பது ஆண்டுகள் அலுவலகம் சென்று திரும்பியவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டில் செய்வதறியாது அமர்ந்திருக்கிறார். ஊரில் இருந்திருந்தால் வயலுக்குச் சென்றிருப்பார். கோயில் முன்றிலில் நால்வரோடு பேசியிருப்பார். வழக்கென்று வந்தவர்க்கு நியாயம் கூறியிருப்பார். இங்கே அவரிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை.

இது ஒரு சிலரைப் பற்றிய செய்தியன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பதின்மருக்குச் சற்று மேல். 2031ஆம் ஆண்டில் நூற்றுக்குப் பதினெண்மருக்கு மேல் இருப்பர் என்று நடுவணரசு அமைத்த வல்லுநர் குழு கணித்துள்ளது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்று கொள்ளலாம். அந்த ஒருவர் வாளா இருந்தால் குடும்பமும் ஊரும் எதனை இழக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நன்னூல் கூறும் கணக்கு

நம் முன்னோராகிய பவணந்தி முனிவர் கி.பி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்க நன்னூலை இயற்றினார். அதனை எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் இலக்கண நூலாக மட்டுமே பலர் அறிவர். அதன் பொதுப்பாயிரமோ ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்வது எங்ஙனம், கேட்பது எங்ஙனம் என்று விரித்துரைக்கும் ஒரு சிறந்த கல்வியியல் நூலாகத் திகழ்கிறது. ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பகுதி இது.

அப்பகுதியில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும், அதனால் அவனுக்கு வாய்ப்பது புலமையின் காற்பங்கு மட்டுமே. உடன் கற்பவரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிறைவுறும்.

கேட்பது கால், கூடிப் பயில்வது கால், பிறர்க்கு உரைப்பது அரை. இக்கணக்கை நம் மூத்தோருக்குப் பொருத்திப் பாருங்கள். இளமையில் ஆசிரியரிடம் கேட்டார்கள். நடுவயதில் உடன் பணியாற்றியவர்களோடும் உறவினரோடும் பழகிப் பயின்றார்கள். அரைப்பங்கு கைவந்துவிட்டது. மற்ற அரைப்பங்கைப் பெறுவதற்குரிய ஓய்வும் பக்குவமும் வாய்க்கும் பருவமே முதுமை. அந்தப் பருவத்தில் அவர்களை எவரும் ஒன்றும் கேளாமல் விட்டுவிட்டால், அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த கல்வி பாதியிலேயே நின்றுவிடுகிறது. கேட்பாரற்றவரின் அறிவு அவரோடு மறைந்தும் போகிறது.

சுவாத்தியாயத்தின் ஐந்து உறுப்புகள்

இக்கருத்து நம் ஆகமங்களுக்கும் உடன்பாடே. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அகத்தவம் ஆறு என்று வகுத்து, அவற்றுள் சுவாத்தியாயத்தையும் ஒன்றாக வைத்தார். அதற்கு ஐந்து உறுப்புகள் கூறினார். நூலைப் படித்தல் வாசனா. ஐயம் நீங்க வினவுதல் பிருச்சனா. கற்றதை மனத்துள் மீண்டும் மீண்டும் சிந்தித்தல் அனுப்பிரேட்சை. பிழையற ஓதிப் பயிலுதல் ஆம்னாயம். பிறர்க்கு அறம் உரைத்தல் தர்மோபதேசம். நம் வீடுகளில் சுவாத்தியாயம் என்றவுடன் முதலுறுப்பாகிய படித்தல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஐந்தாம் உறுப்பு இன்றி அது முற்றுப்பெறாது.

தரசேன ஆசாரியரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கிர்நார் மலைக்குகையில் தவமியற்றிய அவர், முதுமை எய்தித் தம் ஆயுள் முடியும் காலம் நெருங்குவதை உணர்ந்தார். தம்மோடு சுருதஞானமும் அழிந்துவிடுமோ என்று கவன்று, தென்னாட்டிலிருந்து முனிவர் இருவரை வரவழைத்துத் தாம் அறிந்ததைக் கற்பித்தார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். அவர்களால் ஷட்கண்டாகமம் நூலுருப் பெற்றது. பூதபலி பின்னர்த் திராவிட நாட்டை அடைந்தார் என்பது மரபு. சுருதபஞ்சமி நாளில் நாம் நூல்களைப் போற்றும்போது, ஒரு முதியவர் தம் இறுதிக் காலத்தைக் கற்பித்தலில் செலவிட்டதால் விளைந்த பயனையே போற்றுகிறோம்.

இல்லறத்தார் நடத்திய பாடம்

கற்பித்தல் முனிவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது, இல்லறத்தாருக்கு இயலாது என்று சிலர் கருதலாம். அவர்களுக்குக் கும்பகோணம் விடை கூறும். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர்க்கு அப்போது வயது இருபத்தைந்து. சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த அவர், அதிலுள்ள சமணக் கோட்பாடுகள் விளங்காமல் இடர்ப்பட்டார். அவ்வூரிலேயே வாழ்ந்த சமண இல்லறத்தாரிடம் சென்றார். அங்கே அவர்கள் சிந்தாமணியைப் பல மாதங்களாகக் கூடியிருந்து படித்து முடித்து, அந்நிறைவை ஒரு விழாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அவர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆயினும் பரம்பரையாகக் கேட்டும் ஓதியும் வந்த பொருளை, தேடி வந்த இளைஞருக்கு மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சேறியது. அவர்கள் உரைத்திராவிடில் அப்பதிப்பு அத்துணைத் தெளிவோடு வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

அவர்களிடம் கேட்ட இளைஞரும் பின்னாளில் தம் அரைப்பங்கைச் செலுத்தத் தவறவில்லை. 1940ஆம் ஆண்டு, எண்பத்தைந்தாம் வயதை எட்டும் வேளையில், தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக எழுதத் தொடங்கினார். 1942இல் மறையும் வரை எழுதினார். கும்பகோணத்துச் சமணர் செய்த உதவியை இன்று நாம் அறிவது அவர் முதுமையில் அதனை எழுதி வைத்தமையால்தான்.

நம் சமூகத்துப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரையும் இங்கே நினைத்தல் தகும். 1880இல் பிறந்த அவர், குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் உரையோடும் வெளியிட்டது 1950ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதில். ஓய்வு அவருக்குப் பணியின் முடிவாக அமையவில்லை.

முதுமையில் கற்க இயலுமா

"இனிமேல் என் தலையில் என்ன ஏறும்?" என்று சலித்துக்கொள்ளும் மூத்தோர் உளர். உளவியலார் இவ்வினாவை நெடுநாளாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்கக் கல்வி உளவியலறிஞர் தார்ண்டைக் 1928ஆம் ஆண்டிலேயே முதியோர் கற்றலைப் பற்றித் தனி நூல் எழுதி, வயது வந்தவர் கற்கவியலார் என்னும் எண்ணம் தவறு என்று காட்டினார். 1956ஆம் ஆண்டு வார்னர் ஷாய் என்பவர் சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 1986ஆம் ஆண்டு அவரும் ஷெர்ரி வில்லிஸ் அம்மையாரும் அறுபத்து நான்கு வயதைக் கடந்தோருக்கு ஐந்து மணி நேரப் பயிற்சி மட்டும் அளித்து, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்னேற்றம் கண்டதை வெளியிட்டனர். முதுமையில் குறைவது பெரும்பாலும் விரைவு. சொல்வளமும் பொருளறிவும் நெடுங்காலம் நிலைக்கின்றன. ஆகவே மூத்தோர்க்குப் பாடம் மெதுவாகச் சொல்லப்பட வேண்டும். எளிமை என்னும் பெயரால் பொருள் சுருக்கப்படலாகாது.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாளை நாளிதழ் படிப்போர் அறிந்திருப்பர். பள்ளிக்கே செல்லாது உழைத்து வாழ்ந்த அவர், 2018ஆம் ஆண்டு தம் தொண்ணூற்றாறாம் வயதில் அம்மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றார். வீட்டுச் சிறுமியர் அவருக்குப் பாடத்தில் துணைநின்றதாகச் செய்திகள் வந்தன. 2020ஆம் ஆண்டு மகளிர் நாளில் குடியரசுத் தலைவர் கையால் விருது பெற்ற அவர், 2023இல் நூற்றொரு வயதில் மறைந்தார். நம் பாட்டிமார் பலரும் பெண் என்பதனால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்களே. அவர்களுக்கு இன்னமும் காலம் இருக்கிறது என்பதை இவ்வம்மையார் காட்டிச் சென்றார்.

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024ஆம் ஆண்டில், மறதிநோய்க்கு வழிகோலுவனவும் நம்மால் திருத்தக்கூடியனவுமான பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, கவனிக்கப்படாத செவிக்குறை, கண்பார்வைக் குறை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். தாத்தா பேச்சில் கலந்துகொள்வதில்லை என்று குறைகூறுமுன், அவருக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள். மூத்தோர் கல்வியின் முதற்பாடப் பொருள் பல வீடுகளில் புதிய மூக்குக்கண்ணாடியாகவோ காது கேட்கும் கருவியாகவோ இருக்கலாம்.

ஊருக்கு உரைத்தல்

எஞ்சிய அரைப்பங்கு குடும்பத்தோடு முடிந்துவிடுவதன்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஓராண்டுக்குப் பின், 2022 நவம்பர் முதல் நாளில், பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் நம் பம்மலில்தான் நடந்தது. ஊராட்சியில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் பகுதி சபை. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர், குப்பை ஆகியவற்றைப் பற்றி அங்குக் குடியிருப்போர் நேரில் எழுந்து பேசலாம்.

இக்கூட்டங்களுக்கு மூத்தோர் ஏன் செல்ல வேண்டும்? 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. நம் புறநகர் ஏரிகளால் ஆனது. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். இறுதியில் ஆற்றிலோ சதுப்பு நிலத்திலோ கலக்கும். அக்கால்வாய் எவ்விடத்தில் ஓடியது, எவ்வாண்டில் தூர்க்கப்பட்டது, அதன்மேல் எத்தெரு வந்தது என்பதை அறிந்தவர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு மனை வாங்கி வீடு கட்டியவர்களே. புதிதாக வந்த அலுவலர்க்கு வரைபடம் தெரியும். தண்ணீரின் பழைய வழி இவர்களுக்குத் தெரியும். இவர்கள் வாய் திறவாமல் இருந்தால், அடுத்த பெருமழையில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இவர்கள் பேரப்பிள்ளைகள்தாம்.

பேசுவதற்கு முன் எழுதிக்கொள்ளுதல் நலம். தெருவின் பெயர், குறை, அது தொடங்கிய ஆண்டு, நாம் கோரும் தீர்வு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் படியெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடங்களில் சொல்லி அமர்தல் வேண்டும். சினமும் வசையும் இன்றி உரைத்தல், அகிம்சை நெறியில் வந்த நமக்குப் புதிதன்று.

வீட்டில் நடத்த ஒரு பாடமுறை

கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பைத் தந்துள்ளது. உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கிறது. அதில் அரைமணி நேரத்தை வாரத்தில் இரு நாள்கள் மட்டும் ஒதுக்குவோம். முறை பின்வருமாறு அமையலாம்.

முதலாவதாக, பாடத்தை மூத்தவரே தேர்ந்தெடுக்கட்டும். நாலடியார், ஸ்ரீபுராணம், யசோதர காவியம், ஊரின் கோயில் வரலாறு, வீட்டு மருத்துவம் ஆகியவற்றுள் எதுவும் ஆகலாம். பெரிய எழுத்து நூல் கிட்டாதபோது, 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலிருந்து கைப்பேசியில் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

இரண்டாவதாக, பத்து நிமிடம் படித்தலும் பத்து நிமிடம் வினாவும் பத்து நிமிடம் திருப்பிச் சொல்லுதலும் என்று பகுத்துக்கொள்வோம். இளையோர் வினாத் தொடுக்க வேண்டும். வினா இல்லாத பாடம் தூக்கத்தில் முடியும்.

மூன்றாவதாக, பாடம் இருவழியாக ஓட வேண்டும். பாட்டி கிரந்த எழுத்து நான்கைக் கற்பித்தால், பேத்தி கைப்பேசியில் படம் அனுப்பக் கற்பிக்கட்டும். மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணச் சுவடிகளைப் படிக்கவல்லவர் நம்மிடையே அருகிவருகின்றனர். அவ்வறிவு இன்றே கைமாற வேண்டும். அதேபோல, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓடிபி எண்ணைக் கேட்பவரையும், காவல்துறை என்று மிரட்டிப் பணம் பறிப்பவரையும் இனங்காண மூத்தோர் இன்றே கற்க வேண்டும். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும், மூத்தோர் உதவிக்கு 14567 என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

நான்காவதாக, பேரனின் எழுத்தில் பாட்டியின் சொல் பதிவாகட்டும். மாதம் ஒரு பக்கம் எழுதினாலும் பத்தாண்டில் நூற்றிருபது பக்கம் ஆகும்.

ஐந்தாவதாக, மாதம் ஒருமுறை அருகிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் ஜினாலயத்திலோ ஒரு வீட்டிலோ கூடி, ஒவ்வொரு மூத்தவரும் தாம் அறிந்த ஒன்றைக் கால்மணி நேரம் உரைக்கட்டும். 1973ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் மூன்றாம் பருவத்தாரின் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் மூத்தோர்க்கான வகுப்புகள் தோன்றின. 1980களில் அது இங்கிலாந்தை அடைந்தபோது, அங்கிருந்தோர் சம்பள ஆசிரியரை அமர்த்தாமல், உறுப்பினர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையை மேற்கொண்டனர். ஓய்வு பெற்ற தச்சரும் செவிலியரும் பேராசிரியரும் அங்கே ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணவரும் ஆகின்றனர். நன்னூல் கூறிய அதே கணக்கே அங்கே நடைமுறையாகியிருக்கிறது.

மருமக்களுக்கும் ஒரு சொல். மூத்தவரைக் கற்பிக்கச் சொல்வது, அவரைப் பேரப்பிள்ளைகளின் காவலாளாக்குவதன்று. பள்ளிக்கு அழைத்துச் செல்லவும் பால் வாங்கவும் மட்டுமே அவர் தேவைப்படுகிறார் என்றால், அவருடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டு அறிவை ஒதுக்குகிறோம் என்பதே பொருள். நான்கு தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. அதனைக் கொடுக்க முதியவர் ஆயத்தமாக இருக்கும்போது, பெற்றுக்கொள்ள அமர்வதும் நம் கடமையாகும்.

குடும்பத்தோடு சிந்திக்க வினாக்கள்

1. நன்னூல் கூறும் மூன்று பங்குகள் யாவை? நம் வீட்டு மூத்தவர் எப்பங்கில் நிற்கிறார்?

2. சுவாத்தியாயத்தின் ஐந்து உறுப்புகளில் சென்ற மாதம் நம் இல்லத்தில் நிகழ்ந்தவை எவை?

3. நம் தாத்தா பாட்டிக்கு மட்டுமே தெரிந்த செய்தி, பாட்டு, கைத்தொழில் என்று மூன்றைக் குறிப்பிடுக. அவற்றுள் எதனை முதலில் எழுதி வைக்கலாம்?

4. நம் தெருவில் மழைநீர் முன்னர் எவ்வழியே சென்றது? அறிந்தவரிடம் கேட்டு ஒரு படம் வரைக.

5. அடுத்த பகுதி சபைக் கூட்டம் எந்நாள் என்பதை மாமன்ற உறுப்பினரிடம் கேட்டறிக. வீட்டிலிருந்து யார் செல்வது, எதனைப் பேசுவது என்று முடிவு செய்க.

இவ்வினாக்களுக்குரிய விடைகளை ஒரு குறிப்பேட்டில் மூத்தவரே தம் கையால் எழுதட்டும். கை நடுங்கினால் அவர் சொல்லச் சொல்ல இளையவர் எழுதுக.